செட்டிநாட்டு வானம் செத்துப்போச்சா?

கேள்வி, 19.01.2025
பொங்கலுக்குக் குடும்பத்தோடு ஊருக்கு வந்து நான்கு நாள் இருந்தேன். பூர்வீகம் பள்ளத்தூர்ப் பக்கம். சின்ன வயதில் மாடியில் பாய் விரித்துப் படுத்தால் பால்வீதி புகை மாதிரி ஓடும் என்று பிள்ளைகளிடம் ஆசை காட்டிக் கூட்டி வந்தேன். ராத்திரி பத்து மணிக்கு எண்ணிப் பார்த்தோம், நாற்பது நட்சத்திரம்கூடத் தேறவில்லை. செட்டிநாட்டு வானம் செத்துவிட்டது, இனி லடாக்கில் ஹான்லேக்குத்தான் போக வேண்டும் என்கிறேன். மறுக்கிறவர் உண்டா? அந்தப் பக்கம் வானம் பார்க்கிற குழு ஏதாவது இருக்கிறதா?

19.01.2025, இரவு 11.20
மறுக்கிறேன். பொங்கலுக்கு முதல் நாள் திருவாதிரை. களி சாப்பிட்டிருப்பீர்கள். அன்றைக்குப் பௌர்ணமி என்பது மட்டும் எப்படி மறந்தது? நீங்கள் இருந்த நான்கு நாளும் பத்து மணிக்கு நிலா ஜெகஜ்ஜோதியாக நின்றிருக்கும். முழுநிலவு அன்று ஹான்லேயிலும் பால்வீதி கிடையாது. தினசரி காலண்டரில் தாள் கிழிக்கிறபோது ஒரு பார்வை பார்த்திருந்தால் பயணத்தைத் தை அமாவாசைக்குத் தள்ளியிருக்கலாம்.

20.01.2025
காலையில் படித்துப் பார்த்தால் வெடுக்கென்று எழுதியிருக்கிறேன். பிள்ளைகளைக் கூட்டி வந்து ஏமாந்தவரிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது.

ஆனால் ஹான்லே விஷயத்தில் பின்வாங்க மாட்டேன். 2022-ல் இந்தியாவின் முதல் இருள்வானக் காப்பகமாக அதைத்தான் அறிவித்தார்கள், அந்த இருட்டோடு நாம் போட்டி போட முடியாது, சரி. ஆனால் அது நிலநடுக்கோட்டுக்குக் கிட்டத்தட்ட 33 பாகை (டிகிரி) வடக்கில் இருக்கிறது, காரைக்குடி 10 பாகையில். திரிசங்கு என்று நாம் சொல்கிற தென்சிலுவை நட்சத்திரக் கூட்டம் அங்கே எழுவதே இல்லை. நமக்கு 20 பாகை உயரம் ஏறி வருகிறது. கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் பத்துப் பாகை, ஆக இரண்டு முஷ்டி. அகத்தியர் என்கிற கனோபஸ் நட்சத்திரம் அங்கே அடிவானத்திலிருந்து நாலைந்து பாகைதான், மலை மறைத்தால் அதுவும் போச்சு. நமக்கு இரண்டரை முஷ்டிக்கு மேலே நின்று கண் சிமிட்டுகிறார். அதற்குப் பதிலாக நாம் இழப்பது துருவ நட்சத்திரம். நமக்கு அது ஒரே ஒரு முஷ்டி உயரம், வடக்கே ஒரு பனைமரம் இருந்தால் தீர்ந்தது.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1867-ல் சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளி விண்மீனைக் கண்டுபிடித்தார். அது சென்னையிலிருந்து பார்த்தாலே தெற்கு அடிவானத்துக்கு 14 பாகை மேலேதான் வரும்.

எங்கள் ஐயா ரங்கூனுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர். அங்கே துருவன் நம்ம ஊரைவிட மேலே நிற்பான் என்று சொல்லுவார். அப்போது கதை என்று நினைத்தேன். ஊர் எத்தனை பாகை வடக்கோ, துருவன் அத்தனை பாகை உயரம். ரங்கூன் 17 பாகை. முக்கால் முஷ்டி மேலே. சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

22.01.2025
குழு பற்றி. இருக்கிறது, பெயர் இல்லை. வாட்ஸாப்பில் நாற்பது பேர், வருகிறவர்கள் ஆறு பேர். ஒரு டெய்லர், ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார், கல்லூரிப் பிள்ளைகள் மூவர், ஹார்டுவேர் கடை வைத்திருக்கிற நான். 2019 டிசம்பர் 26 வளையச் சூரிய கிரகணத்தில்தான் சேர்ந்தோம். வளையம் நம் ஊருக்கே வந்தது, காலை ஒன்பதரை வாக்கில். கிரகணக் கண்ணாடி எல்லோருக்கும் போதவில்லை. பக்கத்து வீட்டு அம்மா இட்லித் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து வெயிலில் பிடித்தார். ஆத்தங்குடிக் கல் பதித்த திண்ணையில் ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு மோதிரம் விழுந்தது. வேப்ப மரத்தடிச் செம்மண் முழுக்க மோதிரம். கிரகணத்தன்று வெளியே வரக் கூடாது என்று உள்ளே இருந்தவர்கள்கூட அதைப் பார்க்க வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

22.01.2025, பின்குறிப்பு
மாடியைவிட, வீட்டுக்கு நடுவில் இருக்கிற வளவு முற்றம் நல்லது. முற்றத்தில் படுத்தால் நான்கு பக்கமும் ஓடு, தெருவிளக்கு ஒன்றும் கண்ணில் படாது. தெரிகிற ஒரு துண்டு வானம் உச்சி வானம், அதுதான் இருப்பதிலேயே தெளிவானது. இந்த வாரம் ராத்திரி பத்து மணிக்குப் படுத்துப் பாருங்கள், திருவாதிரை நட்சத்திரம் நெற்றிக்கு நேரே வரும். உச்சியிலிருந்து மூன்று பாகைகூட விலகாது. மாடியில் இன்னொரு தொல்லை, பகலெல்லாம் வெயில் குடித்த தளம் பத்து மணி வரைக்கும் சூட்டைக் கக்கும், தொலைநோக்கியில் வியாழன் குழம்பு மாதிரி கொதிக்கும்.

திருட்டுக்குப் பயந்து முற்றத்துக்கு மேலே கம்பி வலை போட்டவர்கள் வலைக்கு நடுவில் நட்சத்திரம் பார்க்கலாம். கட்டம் போட்ட வானம்.

25.01.2025
எல்லோரும் ஒரே பார்வர்டை அனுப்புவதால் ஒரே தடவை சொல்லிவிடுகிறேன். "ஆறு கோள்கள் ஒரே நேர்கோட்டில்" என்பது எந்த அதிசயமும் இல்லை. கோள்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே தளத்தில் சுற்றுகின்றன, அதனால் எப்போதுமே ஒரே பாதையில்தான் தெரியும். இப்போது நாலு கோள் ஒரே மாலையில் வெறுங்கண்ணுக்குக் கிடைக்கின்றன என்பதுதான் விசேஷம்: மேற்கே வெள்ளியும் அதன் கீழே சனியும், உச்சியில் வியாழன், கிழக்கே செவ்வாய். யுரேனஸும் நெப்டியூனும் கருவி இல்லாமல் கிடைக்காது. அப்புறம், வரிசையாகப் போகிற விளக்குகள் வேற்றுக்கிரகவாசிகள் இல்லை. ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள்.

30.01.2025
தை அமாவாசை. நேற்று ராத்திரி எட்டு மணிக்குப் பள்ளத்தூரைத் தாண்டி எங்கள் வழக்கமான கண்மாய்க் கரை. ஐந்து பேர்.

முதலில் நடந்த கூத்து. என் தொலைநோக்கி ஆறு அங்குலக் கண்ணாடி, அதைக் கடையிலிருந்த 200 மில்லிமீட்டர் பிவிசி குழாயில் பொருத்தி பிரவுன் பெயின்ட் அடித்திருக்கிறேன். டெய்லர் பின்னால் உட்கார்ந்து அதைத் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வர, ஊர் எல்லையில் நாலு பேர் வண்டியை மறித்தார்கள். "எந்த வீட்டுத் தூணுப்பா?" பர்மா தேக்குத் தூணைக் கழற்றிக் பழம்பொருள் கடைகள் இருக்கிற காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குக் கொண்டுபோகிறோம் என்று நினைத்துவிட்டார்கள். குழாயைத் திறந்து கண்ணாடியைக் காட்டியும் நம்பவில்லை. கடைசியில் அங்கேயே ரோட்டில் வைத்து வியாழனைக் காட்ட வேண்டியதாகிவிட்டது. அதில் ஒருத்தர், "அண்ணே, இவ்வளவுதானா? போன்ல பெருசா வருதே" என்றார். போகட்டும்.

வானம் நல்ல வானம். அகத்தியர், ஓரியன், அதில் வாளின் நடுவே நெபுலா என்கிற வாயு மேகம், ஆறுமீன் என்கிற கார்த்திகைக் கூட்டத்தில் வாத்தியார் கண்ணுக்கு ஏழு நட்சத்திரம், எனக்கு ஆறு. பத்தே முக்காலுக்குத் தெற்கே திரிசங்கு எழுந்ததை எல்லோருக்கும் காட்டினேன்.

ஒரே குறை, கண்மாய்க்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய வீட்டு மாடியில் வெள்ளை ஃபோகஸ் லைட். யாரும் குடியில்லாத வீடு. அந்த வெளிச்சம் தண்ணீரில் விழுந்து எதிரொளித்துக் கண்ணைக் கூச வைக்கிறது. இருட்டுக்குக் கண் பழக அரை மணி நேரம் ஆகும், அந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பினால் அத்தனையும் வீண்.

02.02.2025
மேலே எழுதியதில் ஒரு அவமானம். கப்பலில் வேலை பார்க்கிற தேவகோட்டைக்காரர் ஒருவர் செய்தி அனுப்பியிருந்தார்: "பத்தே முக்காலுக்கா? அசல் சிலுவை அன்றைக்கு எழுவதே பதினொன்றரைக்குத்தான். நீங்கள் காட்டினது பொய்ச்சிலுவை."

அவர் சொன்னது சரி. வேலா, கரீனா மண்டலங்களின் நாலு நட்சத்திரம் சேர்ந்தால் அச்சு அசலாக ஒரு சிலுவை தெரியும், அது முன்னால் எழும். அசலைவிடப் பெரியது, மங்கல். அசலுக்குப் பின்னால் இரண்டு பிரகாசமான நட்சத்திரம், ஆல்பா சென்டாரியும் பீட்டா சென்டாரியும், காவலுக்கு வருகிற மாதிரி வரும். அது இல்லையென்றால் நம்பாதீர்கள். ஆறு வருடமாக எத்தனை பேருக்குப் பொய்யைக் காட்டியிருப்பேன் என்று கணக்குப் போடவே பயமாக இருக்கிறது.

06.02.2025
தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிறவர்கள் கிளம்பிவிட்டார்கள். அதிகாலை நாலு மணிக்குச் சிங்கம்புணரி போகும் சாலையில் தண்ணீர்ப் பாட்டில் கொடுக்கப் போயிருந்தேன். நிலா நடுச்சாமத்திலேயே இறங்கிவிட்டது. மேற்கே நடக்கிறவர்களுக்குத் தெற்கு இடது கைப் பக்கம். அங்கே செங்குத்தாக நிற்கிறது, சின்னதாக, பளிச்சென்று, பின்னால் இரண்டு காவலோடு. அசல். நானே இவ்வளவு ஒழுங்காக நின்று பார்த்தது இதுதான் முதல் தடவை. காவடியோடு போன ஒரு பெரியவரிடம் காட்டினேன். "நாப்பது வருசமா நடக்கிறேன் தம்பி, அது பாட்டுக்குக் கூட வரும்" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டார்.

10.02.2025
போர்ட்டில் எண் என்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஜான் போர்ட்டில் 2001-ல் போட்ட அளவுகோல், ஒன்று என்றால் மகா இருட்டு, ஒன்பது என்றால் பெருநகர நடு. கரையில் என் கண்மதிப்பு நாலு. ஃபோகஸ் லைட் எரிகிறபோது மதிப்பு போட மனசில்லை.

27.02.2025
தூங்கி எழுந்து எழுதுகிறேன். நேற்று மகா சிவராத்திரி.

இதை ஏன் முன்னாடியே யோசிக்கவில்லை என்று தெரியவில்லை. தேய்பிறைச் சதுர்த்தசி, நிலா கிடையாது. மழைக்காலம் முடிந்து வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். ஊரே குலதெய்வக் கோவிலில் விடிய விடிய விழித்திருக்கும், ஜனத்தைத் தனியாகக் கூப்பிட வேண்டியதில்லை. மேல்நாட்டில் ஆளைத் திரட்டி நடத்துகிற நட்சத்திரத் திருவிழாவை, இந்தக் குலதெய்வக் கோவில் திருவிழாவான மாசிக் களரி சும்மாவே நடத்திக் கொடுக்கிறது.

கோவில் பொட்டலுக்கு நடுவில். ஜெனரேட்டர், டியூப் லைட், ரேடியோ செட். நாங்கள் முந்நூறு அடி தள்ளி, அய்யனார் புரவிகளுக்குப் பின்னால் இடம் பிடித்தோம். மண் குதிரைகள் வரிசையாக நின்று வெளிச்சத்தை மறைத்துக்கொண்டன. டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றினோம், பூக்கடையில் மாலைக்கு வைத்திருந்தது.

பொங்கல் வைத்து முடித்த கையோடு கூட்டம் வர ஆரம்பித்தது. ஒரு அப்பத்தா, எண்பது வயசு இருக்கும், வியாழனைப் பார்த்துவிட்டு, "பக்கத்தில பொடிசு பொடிசா நாலு நிக்குதே, பேரப்புள்ளைகளா?" என்றார். கலிலியோ 1610-ல் பார்த்த அதே நாலு என்று வாத்தியார் பாடம் எடுக்கத் தொடங்கினார். அப்பத்தா அதற்குள் இரண்டாவது தடவை பார்க்க வரிசையின் கடைசிக்குப் போய்விட்டார்.

ஒரு மணிக்கு மேல் கூட்டம் கலைந்தது. அதற்கப்புறம்தான் ராத்திரியே. இரண்டேகாலுக்குத் திரிசங்கு நிமிர்ந்தது. மூன்றேகால் வாக்கில் ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து உச்சத்தில். வெறுங்கண்ணுக்குக் கலங்கின நட்சத்திரம் மாதிரி இருக்கும், பைனாகுலரில் பஞ்சு உருண்டை, தொலைநோக்கியில் பார்த்தால் ரவையைக் கொட்டிய மாதிரி. ஏறக்குறைய 17,000 ஒளியாண்டு தூரத்தில் ஒரு கோடி நட்சத்திரம். நேராகப் பார்த்தால் மங்கும், கொஞ்சம் பக்கவாட்டில் பார்வையை வைத்தால் தெளியும். கண்ணின் ஓரம்தான் இருட்டில் கெட்டிக்காரன். ஹான்லேக்காரர்களுக்கு இது அடிவானத்துக்கு மேலே ஒரு முஷ்டி உயரம்தான்.

பக்கத்தில் கிடை போட்டிருந்த கீதாரி ஒருவர் பீடியோடு வந்து உட்கார்ந்தார். மணி என்ன இருக்கும் என்று விளையாட்டாகக் கேட்டேன். அண்ணாந்து பார்த்து, தேள் நட்சத்திரக் கூட்டம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்து, "நாலு ஆகப் போவுது" என்றார். போனில் 3.52. தொலைநோக்கியில் பார்க்கச் சொன்னதற்கு, "ஆட்டை விட்டுட்டு ஒத்தக் கண்ணை மூடமுடியாது" என்று மறுத்துவிட்டார்.

நாலரைக்குத் தென்கிழக்கில் பால்வீதியின் தடித்த பகுதி ஏறியிருந்தது. கேள்வி கேட்டவரே, நீங்கள் சொன்ன அந்தப் புகை அப்படியே இருக்கிறது. பொங்கலுக்குப் பத்து மணிக்குத் தேடினால் நிலா இல்லாவிட்டாலும் கிடைத்திருக்காது, அப்போது தெரிவது மெலிந்த பக்கம். மாசியில் விடியற்காலை, ஆனி ஆடியில் முன்னிரவு. ஆடிக்காற்றில் மேகம் விடுமா என்பது வேறு கதை.

28.02.2025
இன்னொரு திருத்தம், இதுவும் என் மேல்தான். மாசி மாலைகளில் கரையிலிருந்து மேற்கே, இருட்டின பிறகும், ஒரு மங்கலான கூம்பு நிற்கும். காரைக்குடி வெளிச்சம் என்று மூன்று வருடமாகத் திட்டிக்கொண்டிருந்தேன். நேற்று கவனித்தேன்: ஒன்பது மணிக்குள் அது இறங்கிப் போய்விட்டது, கீழே ஊர் வெளிச்சம் மட்டும் அப்படியே இருந்தது. ஊர் வெளிச்சம் எங்கே போகும்? கூம்பு என்பது கோள்களின் தளத்தில் பரவிக் கிடக்கிற தூசியில் சூரிய ஒளி பட்டுத் தெரிவது. நம்மைப் போல வெப்ப மண்டலத்தில் இருக்கிறவர்களுக்குத்தான் அது நட்டமாக நிற்கும். நல்ல இருட்டு இருந்தால்தான் தெரியும் என்பார்கள். நான் அதைப் பார்த்துத்தான் இருட்டு கெட்டுப்போச்சு என்று புலம்பியிருக்கிறேன்.

04.03.2025
கேள்வி கேட்டவர் பொங்கலுக்கு எடுத்த படம் அனுப்பினார், பிள்ளைகள் மாடியில். பின்னால் கைப்பிடிச் சுவரில் துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய் சுதைப் பொம்மை இரண்டு, ஒன்றுக்கு மூக்கு இல்லை. நடுவில் ஒரு கம்பத்தில் ஃபோகஸ் லைட்.

ஐயா, கண்மாய்க்கு அந்தப் பக்கம் எரிகிறது உங்கள் வீட்டு விளக்கு.

05.03.2025
அவர் பதில் எழுதிவிட்டார். சிரித்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார். வீடு பதினொரு பங்கு. பங்காளிகள் சேர்ந்து போட்ட விளக்கு, அவர் ஒருவராக அணைக்க முடியாது. அடுத்த தெருவில் இரண்டு வருடம் முன்னால் நிலைக்கதவையே கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். எங்களை வழிமறித்த நாலு பேரை நினைத்துக்கொண்டேன். அவர்கள் பயம் நியாயம்தான், நான் ஜனவரியில் "யாரும் குடியில்லாத வீடு" என்று எழுதியது அரைகுறை. குடியில்லாததால்தான் விளக்கு.

12.03.2025
தொலைநோக்கி வாங்கலாமா என்று கேட்டவருக்கு: முதலில் 10x50 பைனாகுலர். ஆறு மாதம் கழித்தும் ஆசை இருந்தால் டாப்சோனியன் வகைத் தொலைநோக்கி. பளபளப்பான அட்டைப்பெட்டியில் "500 மடங்கு" என்று போட்டிருப்பதைத் தொடாதீர்கள்.

கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துத் துடைக்காதீர்கள். என் வீட்டில் ஆயுத பூஜை அன்று அம்மா கடைச் சாமான் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவர், குழாயின் அடிமூடியைக் கழற்றி முதன்மைக் கண்ணாடிக்கும் நட்டநடுவில் ஒரு பொட்டு வைத்துவிட்டார். காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு சோப்புத் திரவம் விட்டுப் பஞ்சால் ஒற்றி எடுத்தேன், வட்டமாக ஒரு தடம் தங்கிவிட்டது. ஆனால் பார்க்கிறபோது எதுவும் தெரியாது. கண்ணாடியின் மேல் இருக்கிற கறை பிம்பத்தில் வராது, ஒளி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அம்மாவிடம் சொன்னேன். "பொட்டு வெச்சதாலதான் நல்லாத் தெரியுது" என்கிறார்.

30.03.2025
தெருவிளக்கு விஷயமாக ஒரு அலுவலகத்துக்குப் போய்வந்தேன். கண்மாய்ப் பக்கம் இரண்டு விளக்கை அமாவாசை அன்று மட்டும் மூன்று மணி நேரம் அணைக்க முடியுமா என்று மனு. அங்கே இருந்தவர் இரண்டு தடவை படித்தார். "அமாவாசைக்கு அணைக்கச் சொல்றீங்க. அமாவாசைக்குத்தானே சார் லைட்டே வேணும்?" எனக்குப் பதில் வரவில்லை. இப்போதும் இல்லை. விளக்கின் மேல்பக்கம் தகரத் தொப்பி மாட்டி வெளிச்சத்தைத் தரைக்குத் தள்ளலாம் என்று இரண்டாவது மனு எழுதிக்கொண்டிருக்கிறேன், தகரம் என் கடையிலேயே இருக்கிறது.

06.04.2025
பங்காளிகள் குழுவில் மூன்று வாரம் பஞ்சாயத்து நடந்து தீர்ப்பு வந்திருக்கிறது: ஃபோகஸ் லைட்டுக்குப் பதில் ஆள் நடமாட்டம் பட்டால் மட்டும் எரிகிற சென்சார் விளக்கு, முகத்தைக் கீழே திருப்பி, மஞ்சள் பல்பு. கூடவே ஒரு கேமரா. சாமான் என் கடையில்தான், அசல் விலைக்கு. மாட்டியதும் நானே.

28.04.2025
நேற்று அமாவாசை. கேள்வி கேட்டவர் பிள்ளைகளோடு வந்தார். சாயங்காலம் தெற்கே இடி முழங்கி வயிற்றில் புளியைக் கரைத்தது, எட்டு மணிக்கு விலகிவிட்டது. இந்தத் தடவை கரை வேண்டாம், எங்கள் மாடிக்கே வாருங்கள் என்றார். சிப்பாய்ப் பொம்மைக்குப் பக்கத்தில் குழாயை நிறுத்தினேன். மாடிப்படியில் சென்சார் கண்ணுக்கு ஒரு துண்டைப் போர்த்திவிட்டோம். வாசல் பக்கத்துச் சென்சாரை மறந்துவிட்டோம்.

பத்தரைக்குத் தெற்கே அசல் சிலுவை நிமிர்ந்து நின்றது, இரண்டு காவலோடு. சின்னப் பையன் எண்ணிக்கொண்டே வந்தான், நூற்று எண்பதோ என்னவோ. அந்த நேரம் பார்த்து ஒரு நாய் வாசலைத் தாண்டிப் போக, வீடே மஞ்சளாகிவிட்டது. அவனுக்கு எண்ணிக்கை விட்டுப்போய் அழுகை வந்துவிட்டது.

ஒரு நிமிஷத்தில் அவர் போன் அடித்தது. சிங்கப்பூரிலிருந்து பங்காளி, அங்கே மணி ஒன்றைத் தாண்டியிருக்கும். "அண்ணே, கேமராவில நாய் போகுது. மாடியில யாரோ ஒரு தூணைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க, உடனே ஆள் அனுப்புங்க."